முதல் மிதி

"மிதி," என்கிறார். மிதிக்கிறேன். "இன்னொருக்கா. இன்னொருக்கா. ம், புடிச்சுக்க." பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்துச் சக்கரத்தடியில் ஸ்பேனர் திரும்புகிற சத்தம் கேட்கிறது, உடனே என் காலுக்கடியில் பிரேக் நழுவுகிறது, கால் மெட்டி அழுந்த அழுந்தப் பெடல் இறங்கி அடித் தகட்டைத் தொட்டுவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில், இன்னொரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து ஏமாந்த மாதிரி இருக்கிறது. "உட்டுறாத அம்மிணி, நாஞ் சொல்ற வரைக்கும் உட்டுறாத." "உடலீங்க." "இப்ப உடு." விடுகிறேன். இதுதான் வேலை. மூன்று மணியிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், அவர் கீழே, நான் மேலே. அவர் திருகை மூடுவதற்குள் நான் காலை எடுத்துவிட்டால் குழாய்க்குள் காற்று ஏறிவிடுமாம், காற்று ஏறினால் பிரேக் பிடிக்காதாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், இந்த வேன் வாங்கி இருபத்துநாலு வருஷம், டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது இல்லை. எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன், கிழிந்த உறையைத் தைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. இங்கேயிருந்து பார்த்தால் நம் தெருவே வேறு யாருடைய தெருவோ போல இருக்கிறது. கண்ணாடியில் காலையில் நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, அதற்கப்பால் ரைஸ்மில் சுவர், அதற்கும் மேலே ஆனைமலைக் குன்றுகள் நீலமாக. நாளைக்கு அங்கேதான் போகவேண்டும். நாற்பது வளைவு ஏறி மகள் வாணிக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய், விருந்து முடிந்ததும் பிரசவத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அதே நாற்பது வளைவும் இறங்கவேண்டும். ஏறும்போது பரவாயில்லை, ஏறுகிற வண்டி தானாகவே நிற்கும். இறங்கும்போதுதான். ஏழாம் மாச வயிற்றோடு அவள் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் அதை நினைக்கக்கூடாது. புளி ஊறிக்கொண்டிருக்கிறது, அதை நினைக்கலாம். எலுமிச்சம்பழச் சோற்றுக்கு நிலக்கடலை வறுக்கவேண்டும், தயிருக்கு உறை ஊற்றிவிட்டேன். "மிதி." மிதிக்கிறேன்.

மாப்பிள்ளை டீ ஃபேக்டரியில் கணக்கு ஆபீசில் இருக்கிறார், தங்கமான பையன், நானே கார் பிடித்து அனுப்பிவிடுகிறேன் அத்தை என்றுதான் சொன்னார். வாணிதான் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கார்ல வந்தா நாலாவது வளைவுலயே எனக்குக் கொமட்டும்மா. அப்பா வண்டியவே கொண்டாங்க." உண்மைதான். எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி, இந்தத் தகர டப்பாவில் மட்டும் ஒன்றும் செய்யாது அவளுக்கு. மூன்று வயதில் எனக்கும் இவருக்கும் நடுவில் நின்றுகொண்டு வளைவை எண்ணுவாள், இருபத்தாறு, இருபத்தெட்டு என்பாள், இருபத்தேழு அவளுக்கு வரவே வராது. அவள் போனில் அப்படிச் சொன்ன அன்றிலிருந்து இவர் நிலைகொள்ளவில்லை. போன வாரம் ஆழியாறு வரைக்கும் போய்வந்தபோது பிரேக் போட்டால் வண்டி இடதுபக்கம் இழுத்ததாம், கர்ரென்று இரும்புச் சத்தம் வந்ததாம். மெக்கானிக் கனகராஜ் பூஜை லீவுக்குத் தாராபுரம் போய்விட்டான், மற்ற கடைகளெல்லாம் வாழைக்கன்று கட்டி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பிரேக் பேடு மாற்றுவது என்ன பெரிய வித்தை, கனகராஜ் செய்வதை நூறு தடவை பார்த்திருக்கிறேன் என்று நேற்று இவரே இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றிவிட்டார். பேடை மட்டும் மாற்றியிருந்தால் இத்தனை பாடு இல்லை. அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் இறுகிப்போய்க் கிடந்ததாம், இரண்டையும் கழற்றிப் புறக்கடையில் உட்கார்ந்து, துடைத்து, ரப்பர் மாற்றி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காலையில் ஆயுத பூஜை. சக்கரம் இல்லாமல் ஜாக்கியிலும் கல்லிலும் நிற்கிற வண்டிக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, பொரிகடலை படைத்தேன். மேலவீட்டு ரங்கம்மணியக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வசந்தாமணி, காலொடிஞ்ச மாட்டுக்கு மாலை போட்டிருக்கறயா?" என்றாள். சிரித்தேன். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், சுத்தியல், அந்த இரண்டு காலிப்பர் எல்லாவற்றையும் பலகையில் வைத்துப் பொட்டு வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் எடுக்கக்கூடாது, எங்கள் வீட்டில் அரிவாள்மனைகூட எடுக்கமாட்டோம், காய் முந்தினநாளே அரிந்துவிடுவேன். இவர் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பலகை முன்னால் வந்து நின்றார். கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியாது. நான்தான், "எடுத்துக்குங்க, சாமிகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்," என்றேன். சாமி என்ன சொல்லும், அதற்கும் பெண்பிள்ளைகள் இருக்கும்தானே. அடுப்பில் தாளிப்பு வெடித்துக்கொண்டிருக்கும்போது, "துண்டு மேல வெச்சிருந்தனே, அது இதுல எது?" என்று கேட்டார். "அந்த முன்னால இருக்கறதுங்க," என்றேன். எடுத்துக்கொண்டு போனார்.

"இந்தப் பக்கம் முடிஞ்சுது," என்று வேனைச் சுற்றி என் பக்கம் வருகிறார். டியூபையும் பாட்டிலையும் எடுத்து வருகிறார், பாட்டிலில் பிரேக் எண்ணெய் தேன் நிறத்தில் ஆடுகிறது. வலது சக்கரம் சரியாக என் சீட்டுக்குக் கீழே, கதவைத் திறந்து வைத்திருப்பதால் குனிந்தால் அவர் உச்சந்தலை தெரிகிறது. மேலேயிருந்து அவர் தலையை நான் பார்த்ததே இல்லை, என்னைவிட ஒரு முழம் உயரம். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. எப்போது போயிற்று? எனக்குத் தெரியாமல் எப்போது போயிற்று? பாவமாக இருக்கிறது, கையை வைத்துத் தடவவேண்டும் போலவும் இருக்கிறது, பட்டப்பகலில் தெருவில் என்ன ஆசை இது. "முட்டி வலிக்குதுங்களா?" "வலிக்கட்டும். மிதி." மிதிக்கிறேன். "இந்த எண்ணெய் ஹோஸ் வேற முறுக்கிக்கிட்டே நிக்குது, என்ன கருமமோ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். "புடிச்சுக்க." பிடித்துக்கொள்கிறேன். நிலையாகப் பிடிப்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தேன். அவர் என்ன கேட்டாலும் சரீங்க என்பேன். குழம்பு உப்பா, சரியா இருக்குதுங்க. காலு வலிக்குதா, இல்லீங்க. உங்கம்மா வீட்டுக்குப் போகணுமா, அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க. வருத்தப்பட வைக்கக்கூடாது என்றுதான். நாள் முழுக்க ரோட்டில் அல்லாடிவிட்டு வருகிற மனுஷனிடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. அப்படித்தான் அன்றைக்கும். வாணிக்கு நாலு வயது, இவருக்கு முதல் பெரிய சவாரி, குருவாயூருக்கு ஒரு குடும்பம். விடியற்காலையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, "புள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்குது?" என்று கேட்டார். என் கை அவள் நெற்றி மேலேயே இருந்தது, கை சுட்டது. "உட்டுருச்சுங்க, சரியாப் போச்சு. நீங்க போயிட்டு வாங்க," என்றேன். பத்து மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. ரங்கம்மணியக்கா வீட்டுக்காரர் மொபெட்டில் என்னையும் பிள்ளையையும் வைத்துப் பொள்ளாச்சிக்கு ஓட்டினார், வழியெல்லாம் அவள் கண் மேலே மேலே போயிற்று. பிழைத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் இவர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். அன்றிலிருந்து, நான் பூட்டிவிட்டேன் என்றால் இவர் போய்ப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடிவிட்டேன் என்றால் எழுந்து போய் அந்தத் திருகைத் தொட்டுவிட்டு வருவார். கோபத்தில் இல்லை, பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பூட்டு குலுங்குகிற சத்தம் கேட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்.

"உடு." விடுகிறேன். "காத்து வரலை இனி, வெறும் எண்ணெய்தான் வருது. ஒருக்கா மிதிச்சுப் பாரு, கல்லு மாதிரி இருக்கணும்." பாட்டிலை வைத்துவிட்டுக் கையைத் துடைக்கிறார். நான் மிதிக்கிறேன். முதல் மிதி சொதசொதவென்று இறங்கிப் போகிறது, அடித் தகட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வந்துதான் நிற்கிறது. இரண்டாவது அவ்வளவு போகவில்லை. மூன்றாவது மிதியில் கல். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எழுந்துவிட்டார், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவு வழியாகக் கையை நீட்டி பெடலை உள்ளங்கையால் அமுக்குகிறார், படபடவென்று நாலைந்து தடவை. "பாத்தியா! எப்பிடி நிக்குது பாரு! கனகராசு என்ன கனகராசு!" முகமெல்லாம் சிரிப்பு. மூக்கில் கிரீஸ். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அந்தச் சிரிப்போடு போய்ச் சக்கரத்தை உருட்டி வருகிறார், நட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்குகிறார். நான் காலை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ரைஸ்மில் சுவரில் வெயில் மஞ்சளாகிவிட்டது. இருபது எண்ணிப் பார்க்கலாம். எண்ணுகிறேன். மறுபடி காலை வைத்து ஒரே ஒரு தடவை மெதுவாக மிதிக்கிறேன். இறங்குகிறது. கீழே கீழே போகிறது. கையால் படபடவென்று அமுக்கினால் தெரியாது. காத்திருந்து ஒற்றையாக மிதித்தால்தான் தெரியும். இது என் காலுக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது மிதிதான் கல்லாக இருக்கிறது, வளைவில் மூன்றாவது மிதிக்கு இடம் இருக்குமா? முப்பத்தெட்டாவது வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒரு மிதிதான் கிடைக்கும். வாணி ஜன்னலோரம் உட்கார்ந்து இருபத்தேழை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். அவர் கேட்கிறார், நட்டை விரலால் சுற்றிக்கொண்டே கேட்கிறார், "சரியா இருக்குதுல்ல?" சரீங்க என்ற வார்த்தை வாய்க்குள் வந்துவிட்டது. அது எப்போதும் முதலில் வந்துவிடும், என்னைக் கேட்காமலே வந்துவிடும். முட்டி வலியோடு மூன்று மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார். ஒருவேளை இப்படித்தான் இருக்குமோ, புதுப் பேடு பழகப் பழகச் சரியாகிவிடுமோ, எனக்கென்ன தெரியும், வண்டி ஓட்டுகிறவள் நானா. காய்ச்சல் விட்டுவிட்டதென்று அன்றைக்கும் இப்படித்தானே சொல்லிக்கொண்டேன், உள்ளங்கை சுடச்சுட.

"இல்லீங்க," என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன?" "இல்லீங்க. சரியில்லீங்க. மொத மிதி கீழ போகுது." நட்டைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறார். "நாந்தான் கையில அமுக்கிப் பாத்தனே, கல்லாட்ட நின்னுதே?" "நீங்க வெசயா நாலு தடவ அமுக்குனீங்க. கொஞ்ச நேரம் உட்டுட்டு ஒரே தடவ மிதிச்சா கீழ போகுதுங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன்." பிரேக்கைப் பற்றி இவரிடம் நான் பேசுகிறேன். "உனக்கென்ன தெரியும்" என்று சொல்லப்போகிறார். சொல்லட்டும். சொல்லவில்லை. சிரிப்பு மட்டும் முகத்தை விட்டு இறங்கிப் போய்விட்டது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. "நவுரு" என்று சைகை காட்டிவிட்டு, நான் சொன்னபடியே சற்று நேரம் விட்டு, ஒரே தடவை உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார். கை கூடவே இறங்கிப் போகிறது. "ஆமா," என்கிறார். சக்கரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எண்ணெய்தான வந்துது. காத்தே வரலியே. இன்னும் எங்கதான் காத்து நிக்குது?" என்னைக் கேட்கவில்லை, மலையைப் பார்த்துக் கேட்கிறார். "வேண்டாம் அம்மிணி. மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் காரே கொண்டாரச் சொல்லீரலாம். வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். இந்த வண்டில என்ற புள்ளைய ஏத்த மாட்டன்." அந்தக் குரல். ஆஸ்பத்திரியில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இந்தக் குரல்தான் இருந்திருக்கும், அன்றைக்கு வெளியே வரவில்லை. அந்தக் கட்டிலுக்கு மேலே பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, குளுக்கோஸ், டியூபில் ஒரு குமிழி நின்றது, காற்று உள்ளே போனால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், நான் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன், கத்தினேன் என்றுகூட நினைக்கிறேன். நர்ஸம்மா வந்து டியூபை விரலால் சுண்டினாள். சுண்டச் சுண்டக் குமிழி மேலே மேலே ஏறிப் பாட்டிலுக்குள் போய்விட்டது. "காத்து எப்பவும் மேலதாம்மா போகும், பயப்படாத," என்றாள். காற்று மேலேதான் போகும். நான் குனிந்து பார்க்கிறேன். காலிப்பர் தெரிகிறது, நான் பூசிய சந்தனம் ஒரு ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் வெளியே வருவதற்கு அதில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு சின்ன மூக்கு உண்டு. பலகையில் இரண்டு மூக்கும் மேலே பார்க்கிற மாதிரி அழகாக வைத்து அதன் நுனியில்தான் குங்குமம் வைத்தேன். இப்போது அந்த மூக்கு கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இவர் முட்டி போட்டுக் கையை அடியில் விட்டுத் திருகினாரே, அதனால்தானா? நேற்றுச் சாயங்காலம் நான் புளிக்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார், துண்டு மேல இருக்கறது இடது, பேப்பர் மேல இருக்கறது வலது, மாத்தி வெச்சராத. காலையில் துண்டைத் துவைக்க எடுத்தேன், பேப்பரை அடுப்புக்கடியில் போட்டேன், இரண்டையும் துடைத்துப் பலகையில் வைத்தேன். எது எது என்று எனக்கு எங்கே தெரியும்? "முன்னால இருக்கறதுங்க" என்று தாளித்துக்கொண்டே சொன்னேனே. தெரிந்தா சொன்னேன்?

இறங்குகிறேன். கால் மரத்துப் போயிருக்கிறது. அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏனுங்க, காத்து மேலதானுங்க போகும்?" என்கிறேன். "ஆமா, அதுக்கென்ன?" "இந்த மூக்கு கீழ இருக்குதுங்களே." பார்க்கிறார். அந்தப் பக்கம் எழுந்து போய் அதையும் பார்க்கிறார். திரும்பி வந்து மறுபடி இதைப் பார்க்கிறார். "இடதும் வலதும் மாறிப் போச்சு. மாத்திப் பூட்டிட்டனா? அதுதான் ஹோஸு முறுக்குச்சா? அட, கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு!" நெற்றியில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்குகிறார், அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன், கிரீஸோடு. "நீங்க இல்லீங்க. நாந்தான். பூசைக்கு எடுக்கறப்பவே எது எதுன்னு பாக்கலீங்க. நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியாது. தெரியாமயே சொல்லிட்டேன்." சொல்லிவிட்டேன். இதை மட்டுமில்லை, அதையும் சேர்த்து. "அன்னைக்குப் புள்ளைக்கும் காய்ச்சல் உடலீங்க. கை சுட்டுது. சுடறப்பவேதான் சொன்னேன்." தெருவில் யாரோ சைக்கிளில் போகிறார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கை அவர் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எனக்குத் தெரியும்," என்கிறார். "நாங் கெளம்பறப்ப அவ நெத்தில முத்தம் வெச்சுட்டுத்தான போனேன். எனக்கும் சுட்டுது. நீ சரியாப் போச்சுன்னு சொன்னயா, நம்பிக்கலாம்னு இருந்துச்சு." இருபத்திரண்டு வருஷம். பூட்டை இழுத்துப் பார்த்ததெல்லாம் என்னைச் சந்தேகப்பட்டு என்று நினைத்திருந்தேனே. அழுகை வருகிறது, முந்தானையால் துடைத்தால் முகமெல்லாம் கிரீஸ். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு அம்மிணி. அதுல ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம்," என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுக்கிறார். "ஏறி உக்காரு. மறுக்காவும் மொதல்ல இருந்து."

இடதை இடதிலும் வலதை வலதிலும் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. மூக்கு இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. மிதி, பிடி, விடு என்று ஆரம்பித்தோம், முதல் திருகைத் திறந்ததுமே, "அடேயப்பா, பாரு பாரு," என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார், பாட்டிலில் சோடா போல நுரைத்துக்கொண்டு வந்ததாம் அத்தனை காற்றும். என்னால் பார்க்க முடியவில்லை, என் வேலை மிதிப்பது. மிதித்தேன். ரங்கம்மணியக்கா விளக்கு வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "இன்னுமா முடியல? பூசையன்னிக்குப் புருசனும் பொண்டாட்டியும் வண்டியவே கொஞ்சிட்டிருக்கறீங்களே," என்றாள். அவளோடு பேச எங்களுக்கு நேரமில்லை. கடைசித் திருகை மூடிவிட்டு அவர் கீழே இருந்தபடியே கேட்டார், "எப்படி இருக்குது?" காலை எடுத்துவிட்டு இருபது எண்ணினேன், இருபதுக்கு மேலேயும் எண்ணினேன், இருபத்தேழு வரைக்கும் எண்ணினேன். பிறகு ஒரே ஒரு மிதி. பாதி தூரம்கூட இல்லை, நின்றுவிட்டது. மேலே ஏறி நின்றாலும் இறங்காது போல நின்றது. "நின்னுருச்சுங்க," என்றேன். "மொத மிதியிலயே."

அவர் வந்து கையை நீட்டுவார் என்று கதவுப் பக்கம் காலை ஒதுக்கிக்கொண்டேன். வரவில்லை. சக்கரத்தை மாட்டுகிற சத்தம் கேட்டது, நட்டு இறுக்குகிற சத்தம், பிறகு ஜாக்கி இறங்க இறங்க நான் உட்கார்ந்திருந்த சீட்டோடு சேர்ந்து மெல்லத் தரைக்கு வந்தேன். "காத்தால அஞ்சு மணிக்கு அணைக்கட்டு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் மலையேறலாம்," என்று சொல்லிக்கொண்டே கையில் சீயக்காய்த்தூளைக் கொட்டிக் கழுவினார். ஸ்பேனர்களைத் துடைத்துக் கொடுத்தார், நான் கொண்டுபோய்ப் பலகையில் அதே இடத்தில் வைத்து, சாமியிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நிலக்கடலை வறுத்து முடித்தபோது வேனைப் பூட்டினாயா என்று கேட்டார். பூட்டிட்டேங்க என்றேன். சரி என்று பாயில் படுத்துவிட்டார், எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் வேன் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.